குழாய் ஒழுகியதாகத் தீர்மானம்

காரைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் என் கணவர் பேர்சியின் குரல் இளகிவிடும். எங்கள் மகள் மெலானி பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரியில் அவர் குரலில் அப்படி ஓர் இளக்கத்தை நான் கேட்கவில்லை. யாரோ ஒரு பல் வைத்தியர் வருஷக்கணக்காக ஓடி அலுத்துப்போய் விற்ற வெள்ளை மெர்சிடெஸைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்திய நாளிலிருந்து, நான் அந்த வீட்டில் இரண்டாந்தாரம் ஆகிவிட்டேன்.

எனக்கென்று இருந்தது ஒரு துண்டு நிலம். சுவிஸில் வில் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த சின்ன ஊரில், ரயில் பாதையோரமாக, சுவிஸ்காரர்கள் சங்கம் அமைத்துத் தோட்டம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு பலகைக் கொட்டில், சிலருக்கு ஒரு கொடிக்கம்பமும். மூன்று வருஷம் நச்சரித்த பிறகு, தொண்ணூற்றி நாலாம் ஆண்டு வசந்தத்தில் கடைசித் துண்டை எனக்குத் தந்தார்கள். தந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு கோடைக்குத் தந்து பார்த்தார்கள். கோடை முடிய சங்கம் கூடிக் கை உயர்த்தும். நான் ஒழுங்கான ஆள் என்று அவர்களுக்குப் பட்டால் நிலம் எனக்கு நிலைக்கும், இல்லாவிட்டால் போய்விடும்.

அது நிலைக்க வேண்டும் என்று நான் மாதாவிடம் நேர்த்தி வைத்திருந்தேன். எங்கள் இரண்டு அறை வீட்டில் பேர்சி, அவருடைய தம்பி, தம்பியைப் பார்க்க வந்து அப்படியே தங்கிவிடுகிற பொடியள், இவ்வளவு பேருக்கும் காலையிலிருந்து என் பெயர்தான் வாயில். றோசலின் தேத்தண்ணி, றோசலின் சேர்ட், றோசலின் ரீவியைக் குறை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கேயும் அதே பெயர், அதே ஏவல். அந்த நிலத்தில் மட்டும்தான் என்னை ஒருவரும் கூப்பிடுவதில்லை. மிளகாய் வைத்தேன், முளைக்கீரை போட்டேன், பிளாஸ்டிக் கூடாரம் கட்டி உள்ளே நாலு பாவல் கொடி ஏற்றினேன். கொடி பிடித்து ஏறும்போது மழை நின்றது.

ஜூலை முழுக்க ஒரு துளி இல்லை. நகரசபையிலிருந்து தபால் பெட்டிகளுக்கு அறிவித்தல் வந்தது. மறு அறிவித்தல் வரை ஹோஸ் பைப்பால் தோட்டத்துக்கும் புல்லுக்கும் தண்ணீர் விடக்கூடாது, கார் கழுவக்கூடாது. தோட்டச் சங்கத் தலைவர் ஹெர் ப்ரூனர் பொதுக் குழாயின் கழுத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடாவைக் கட்டினார். பூட்டுப் போடவில்லை. இந்த நாட்டில் பூட்டைவிட நாடாவுக்குத்தான் மரியாதை என்று நானும் நம்பினேன்.

வீட்டில் பாவித்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றலாமோ என்று அவரிடம் கேட்டேன். தாராளமாக ஊற்றலாம், அது எல்லாருக்கும் முன்மாதிரியாக இருக்கும் என்று சொல்லி என் கையைக் குலுக்கினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் சும்மா ஓடவில்லை. அரிசி கழுவினது, கீரை அலசினது, வெள்ளிக்கிழமைகளில் மீன் கழுவினது, எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் கான்களுக்குள் போயின. மெலானியைப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிற்கவைத்துக் குளிப்பாட்டினேன். பேர்சியையும் அதற்குள் நிற்கச் சொன்னேன்.

"நான் குளிச்ச தண்ணியில வளந்த கீரையை நானே சாப்பிடுறதோ? எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது," என்றார்.

"உங்கட குளிப்புக்கு அந்தத் தண்ணியில ஒரு ஊத்தையும் இராது. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ," என்றேன்.

கான்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மெலானியின் பழைய பிள்ளை வண்டில் நிலவறையில் கிடந்தது. அதில் அடுக்கி, மேலே ஒரு துவாயைப் போர்த்து, வேலை முடிந்து வந்த கையோடு தள்ளிக்கொண்டு போவேன். அந்த வெக்கையில் மீன் தண்ணீர் ஒரு நாள் இருந்தாலே போதும். எனக்கே வயிற்றைப் புரட்டும். தெருவில் சுவிஸ்காரக் கிழவிகள் வண்டிலைக் கண்டால் விடமாட்டார்கள். குழந்தை எவ்வளவு வடிவாயிருக்கும் என்று பார்க்கக் குனிவார்கள். குனிந்த வேகத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்வார்கள். என் பிள்ளைக்கு என்ன வியாதியோ என்று ஒருத்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எனக்குப் பக்கத்துத் துண்டு ஃப்ராவ் கெல்லருடையது. முழுக்க ரோஜா, நடுவில் கம்பளம் விரித்ததுபோல் புல். ஊரெல்லாம் புல் கருகிக் கிடக்க அவருடையது மட்டும் பச்சையாக நின்றது. எப்படி என்று கேட்டேன். ரோஜாவுக்கு வேர் ஆழம் என்றார். புல்லுக்குமா என்று கேட்க எனக்கு அப்போது ஜேர்மன் போதவில்லை. பெருமூச்சோடு வானத்தைப் பார்த்து, நாமெல்லாம் தியாகம் செய்யவேண்டிய காலம் இது என்றும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஒரு பின்னேரம் ஹெர் ப்ரூனர் வந்து, சிலருக்கு மணம் பிடிக்கவில்லை என்று சுற்றிவளைத்துச் சொன்னார். அதிலிருந்து செடிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, மீன் தண்ணீரை அதற்குள் ஊற்றி, மண்ணால் மூடினேன். மணம் அடங்கியது. திரும்ப வந்தவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இப்போது சரி என்று சொல்லிப் போனார்.

இதற்கிடையில் மெர்சிடெஸ் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் சுவிஸ்காரர்களுக்கு ஊத்தைக் கார் ஒரு பெருமை. எவனுடைய கார் அதிகம் புழுதி படிந்திருக்கிறதோ அவன்தான் நல்ல குடிமகன். பேர்சிக்கு மட்டும் நித்திரை இல்லை.

"அவன் ஊத்தைக் காரில போனால் சட்டத்தை மதிக்கிறான் எண்டுவினம். நான் போனால் ஊத்தைத் தமிழன் எண்டுதான் சொல்லுவினம், விளங்குதோ உமக்கு?"

அதில் உண்மை இருந்தது. ஆனால் அவருடைய கவலை சுவிஸ்காரர்களைப் பற்றியது அல்ல. மரியஸ்ரைன் மலைக்கோவில் மாதாவின் திருநாள் வருகிறது. ஆவணியில் அந்த நாளுக்கு, சுவிஸில் இருக்கிற எங்கள் சனம் அத்தனையும் அந்த மலையில் கூடும். மாதாவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் காரை ஒருவர் பார்ப்பார்கள். பூசை முடியச் சுவாமியார் வந்து கார்களுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பேர்சிக்கு இது மெர்சிடெஸோடு முதல் திருநாள்.

"தண்ணித் தடை இருக்கு. மாதா ஊத்தைக் காரைக் கண்டு கோவிக்க மாட்டா," என்றேன்.

"மாதா கோவிக்க மாட்டா. தவராஜா சிரிப்பான்," என்றார். தவராஜா அவருடைய சிநேகிதர், கார் விஷயத்தில் போட்டிக்காரர்.

திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை விடியவே எழும்பி, பெற்றோல் அடிக்கப் போறன் என்று போனார். திரும்பி வந்து நின்ற காரை யன்னலால் பார்த்தேன். பாலில் குளித்ததுபோல் மின்னியது. கீழே இறங்கிப் போனேன். சில்லுகளிலிருந்து ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கை கழுவினீங்கள்?"

அவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உம்மட தோட்டத்துக் குழாயிலதான். சத்தம் போடாதையும்."

அந்த நிலம் எனக்கு எவ்வளவு என்று இந்த மனிதருக்குத் தெரியும். ஒரு விதி மீறினாலும் போய்விடும் என்றும் தெரியும். ஞாயிறு காலை வெள்ளைக்காரன் எழும்ப மாட்டான் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்துப் போயிருக்கிறார்.

"ஆரும் கண்டவையோ?"

"ஓம், எல்லாரும் கண்டவை," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு. "அங்கை போனால் சனம் நிக்குது, றோசலின். கெல்லர் அம்மா இரவுச் சட்டையோட நிண்டு றோசாவுக்கு அடிக்கிறா. மற்றவை வரிசையில நிக்கினம். ஒவ்வொரு ஞாயிறும் இதுதானாம் நடக்குது. நானும் வரிசையில நிண்டன். என்ர முறை வர, பைப்பை என்ர கையில தந்ததே உம்மட ப்ரூனர்தான். கடைசியாய்ப் போறவர் நாடாவைத் திருப்பிக் கட்டிப்போட்டுப் போகவேணுமாம், அவ்வளவுதான் சொன்னவர்."

நான் அப்படியே படிக்கட்டில் இருந்துவிட்டேன். விதியை மீறவும் வரிசையில் நிற்கிறார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் வண்டில் நினைவுக்கு வந்தது. ஒரு கோடை முழுக்க நான் மீன் நாற்றத்தைப் பிள்ளை வண்டிலில் தள்ளிக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறேன். என் மணம் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிய இரவுச் சட்டையோடு நின்றிருக்கிறார்கள். அவர்களோடு கூட நின்று பைப் பிடித்துவிட்டு வந்த என் கணவர், பல்லுத் தூரிகையால் சில்லின் ஆணிகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அது என்னுடைய பல்லுத் தூரிகை.

திருநாளுக்குப் போனோம். தவராஜா காரைச் சுற்றிவந்து பார்த்து, எங்கை அண்ணை கழுவினீங்கள் என்று கேட்டார். பேர்சி ஒரு ரகசியப் புன்னகை விட்டார். சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அவர் அடுத்த காருக்குத் திரும்பின உடனே பேர்சி மஞ்சள் துணியை எடுத்து, மூடியில் விழுந்த துளிகளைத் துடைக்கத் தொடங்கினார்.

"தீர்த்தத்தையோ துடைக்கிறியள்?"

"காய்ஞ்சால் பெயின்ரில புள்ளி விழும்," என்றார்.

சீ என்று போய்விட்டது. மாதாவிடம் நான் நிலத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். அவருக்காக ஒன்றும் கேட்கவில்லை.

ஆவணிக் கடைசியில் நகரசபையிலிருந்து ஓர் ஆள் வந்து தோட்டத்துக் குழாயின் மீற்றரை வாசித்தான். நாடா கட்டின குழாயில் அவ்வளவு தண்ணீர் எப்படிப் போனது என்று சங்கம் விளக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தண்டம். சங்கம் கூடுவதற்கு நாள் வைத்தார்கள். அதே கூட்டத்தில்தான் என் நிலத்தையும் முடிவு செய்வதாக இருந்தது.

அதற்கு முதல் நாள் ஃப்ராவ் கெல்லர் வேலியோரம் வந்து, தன் கையால் செய்த ஸ்ட்ரோபெரி ஜாம் போத்தல் ஒன்றை என்னிடம் நீட்டினார். அந்தக் கோடையில் அவர் எனக்குத் தந்த முதல் பொருள். உன் கணவரை எல்லாரும் கண்டோம், ஆனால் ஒருவரும் சொல்லமாட்டோம் என்று மெதுவாகச் சொன்னார். நிலத்துக்குக் கீழே ஓடும் குழாய் பழையது, பழைய குழாய் ஒழுகும், நாளைக்கு எல்லாரும் கை உயர்த்தும்போது நீயும் உயர்த்து, பிறகு உன் நிலத்துக்கும் நாங்கள் உயர்த்துவோம் என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவருடைய கை நல்ல குளிர்மையாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். பேர்சிக்கு முகமெல்லாம் பல்லு.

"பார்த்தீரோ, நல்ல சனம். கையைத் தூக்கினால் காணி உமக்கு. அதில என்ன கஷ்டம்?"

கஷ்டம் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். தூக்குவது என்றே முடிவு செய்து போனேன். பாவல் அப்போதுதான் பிஞ்சு பிடித்திருந்தது.

கூட்டம் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் நடந்தது. பேர்சியும் காலணி மினுக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஹெர் ப்ரூனர் எழும்பி, மீற்றரில் ஏறியிருக்கும் தண்ணீர் பழைய குழாயின் ஒழுக்கால் போயிருக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். ஒழுக்கை யாராவது கண்டார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. குழாய் ஒழுகியதா என்பதற்கும் வாக்கெடுப்பு. சோதனைக் காலத்தில் இருக்கும் உறுப்பினர்களுக்கும் இதில் வாக்கு உண்டு என்று என்னைப் பார்த்து அன்பாகச் சொன்னார். அகதியாக வந்து இத்தனை வருஷத்தில் இந்த நாடு எனக்குத் தந்த முதல் வாக்கு அது.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் கையைத் தூக்கியிருப்பேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை. இந்தக் கடுமையான கோடையில் எங்கள் உறுப்பினர் ஒருவர்கூட நாடாவைத் தொடவில்லை, ஒவ்வொருவரும் மனச்சாட்சியோடு நடந்தோம், அதற்காக நாம் நமக்கே நன்றி சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். எல்லாரும் மேசையில் தட்டினார்கள். ஃப்ராவ் கெல்லர் கண்ணைத் துடைத்தார். நடிப்பில்லை, உண்மையாகவே கண்ணீர். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் என் தொண்டைக்குள் மீன் தண்ணீர் ஏறியதுபோல் இருந்தது.

கைகள் உயர்ந்தன. ரோஜா வளர்த்த கை, தக்காளிக்கு அடித்த கை, பைப்பை நீட்டிய கை. பேர்சி சங்கத்தில் உறுப்பினரே இல்லை. அவருடைய கை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மற்றக் கையால் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"தூக்குமன். காணி, காணி," என்று பல்லுக்குள்ளால் சொன்னார்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அதை ஒருவரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் ஹெர் ப்ரூனர் எண்ணிக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

நான் எழும்பினேன். என்னிடம் இருந்த ஜேர்மனில் சொன்னேன். குழாய் நல்ல குழாய். என் கணவர் கார் கழுவினார். பிழை. நீங்கள் பைப் கொடுத்தீர்கள். ஃப்ராவ் கெல்லர் ரோஜா. நீங்கள் தக்காளி. எல்லாரும் வரிசை. நான் மட்டும் வண்டில்.

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். என்னைப் பொய்க்காரி என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹெர் ப்ரூனர் தொண்டையைச் செருமி, எதிராக ஒரு வாக்கு, தீர்மானம் நிறைவேறியது என்றார். குழாய் சட்டப்படி ஒழுகிவிட்டது.

அடுத்தது என் நிலம். இங்கே அவர்களுக்கு ஒரு சங்கடம். ஒருவரும் நாடாவைத் தொடவில்லை என்று இப்போதுதான் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே பேர்சியும் தொடவில்லை. கார் கழுவியதற்காக என்னை நீக்க முடியாது. கொஞ்ச நேரம் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு ஃப்ராவ் கெல்லர் எழும்பி, கோடை முழுவதும் அந்தத் துண்டிலிருந்து வந்த துர்நாற்றத்தைப் பற்றி மிகவும் வருத்தத்தோடு பேசினார். அழுகிய மீன் தண்ணீர், சுகாதாரக் கேடு, அயலவர் உரிமை. அதே கைகள் திரும்ப உயர்ந்தன.

அந்தத் தோட்டங்களுக்குள் ஒரு சொட்டுக் கள்ளத் தண்ணீர் படாத ஒரே நிலம் என்னுடையது. அதைத் தண்ணீருக்காகவே எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் பேர்சி வெடித்தார்.

"உமக்கு விசரோ? ஒரு கையைத் தூக்க என்ன நோகுது? இப்ப என்ன மிஞ்சினது?"

"மிஞ்சினதைப் போய் எடுப்பம். காரை எடுங்கோ," என்றேன்.

"இப்பவோ?"

"இப்பவேதான்."

வானம் கறுத்திருந்தது. தோட்டத்துக்கு ஓட்டவைத்தேன். மிளகாய்ச் செடிகளை வேரோடும் மண்ணோடும் கிளப்பினேன். பாவல் கொடிகளைக் கம்போடு பிடுங்கினேன். பிழைக்காது என்று தெரியும், இருந்தாலும் அவர்களுக்கு விட்டுவைக்க மனமில்லை. எல்லாவற்றையும் பின் சீற்றில் ஏற்றினேன். பேர்சி பாய்ந்து வந்தார்.

"பொறும், பொறும், பேப்பர் விரிப்பம். தோல் சீற்றப்பா அது. மந்திரிச்ச கார்."

"தீர்த்தத்தைத் துடைச்ச கார்," என்றேன்.

அவர் பேப்பர் தேடுவதற்குள் நான் மண்ணைத் தட்டாமலே அடுக்கி முடித்தேன். கடைசியாகக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த கான்கள். வெள்ளிக்கிழமை மீன் கழுவினது, மூன்று நாள் வெக்கையில் நின்றது. அவற்றையும் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வழியில் சாயும் என்று தெரிந்தே மூடிகளை இறுக்கவில்லை. ஜாம் போத்தலை மட்டும் திறக்காமல் ஃப்ராவ் கெல்லரின் வேலிக் கட்டையில் வைத்துவிட்டு வந்து, முன் சீற்றில் ஏறி இருந்தேன்.

ரயில் கடவையில் கார் ஒருமுறை எகிறியது. பின்னால் கான்கள் சாய்கிற சத்தம் கேட்டது. கொட்டிய தண்ணீர் தோல் சீற்றுக்குக் கீழே இறங்கி எங்கள் காலடிக்கு வந்தது. பேர்சியின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அவர் வாயைத் திறக்கப் போக நாற்றம் உள்ளே போயிருக்க வேண்டும், உடனே மூடிக்கொண்டார். அப்போது மழை தொடங்கியது. இரண்டு மாதம் சேர்த்து வைத்த மழை. காரின் மூடியையும் கண்ணாடியையும் சும்மா அடித்துக் கழுவியது.

"யன்னலைத் திறவும், றோசலின்," என்றார் மூக்கைப் பொத்திக்கொண்டு. "எனக்குச் சத்தி வருது. திறவும்."

"மழை உள்ளுக்கு அடிக்கும்," என்றேன். "சீற்றில புள்ளி விழும்."

வீடு வரும்வரை நான் யன்னலைத் திறக்கவில்லை.